அப்புத்தளையில் கண்ட ரதி

இலங்கையின் மலைநாட்டுக்குப் புகையிரதத்திலே பிரயாணஞ் செய்வது ஓர் இனிய அனுபவம். நானுஓயாவைக் கடந்ததும் வண்டி மூச்சிரைத்தவாறு ஏறத் தொடங்குகிறது. பட்டிப்பொல நிலையத்தை அண்டி 6,226 அடி உயரத்தைத் தொட்டபின், அடுத்துவரும் சுரங்கத்துள் நுழைந்து ஊவா மாகாணத்தில் வெளிப்படுகிறது. சுரங்கத்துக்கு இப்பால் மழையும் அப்பால் வெயிலுமாய் இருக்கக் கண்டு குழந்தைகள் கைகொட்டி ஆரவாரிப்பதுண்டு. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்னும் சிற்றூர்களைத் தாண்டி, ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பெரும்பள்ளமுமாய் நெளிந்து சென்று அப்புத்தளையில் இறங்கும்போது, குளிர்காற்று நம்மை எதிர்கொண்டழைக்கும்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, மாசி கழிந்து பங்குனி பிறந்திருந்த வேளையில், நாம் இவ்வழியே அப்புத்தளைக்குச் சென்றிருந்தோம். முன்னொரு காலத்தில் பதுளை நகரிலே ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்திருந்தோம். அக்காலத்து மாணாக்கர் ஒருவர் இப்பொழுது அப்புத்தளைப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராயிருக்கிறார். “எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு இம்முறை கட்டாயம் வரவேண்டும், சேர். வேறு எவர் பார்க்காவிட்டாலும் நீங்கள் பார்க்கவேண்டிய கூத்து” என்று அவர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வாக்கியத்தின் பொருள் அப்பொழுது எமக்கு விளங்கவில்லை.

அப்புத்தளை, மலையின் முதுகிலே ஏறி அமர்ந்திருக்கும் ஊர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி. கடைவீதியில் நின்று ஒருபுறம் திரும்பினால் ஊவாவின் மலைகள் அலையலையாய்த் தெரிகின்றன. மறுபுறம் திரும்பினாலோ நிலம் காலடியிலேயே அறுந்து வீழ்ந்து, தெற்கே சமவெளியாய் விரிந்து, தெளிந்த நாட்களில் கடல்வரை நீள்கிறது. இரண்டு பக்கத்துக் காற்றும் இக்கணவாயிலே சந்தித்துக்கொள்வதால், சற்றுமுன் இருந்த கடை இப்பொழுது மூடுபனியில் மறைந்து, மறுகணம் மீண்டும் தோன்றும். ஊருக்கு அப்பால், தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலப் பிரபு 1931இல் கருங்கல்லால் கட்டிய அடிஷம் மாளிகை, இன்று பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாய் விளங்குகிறது. மற்றத் திசையெங்கும் தேயிலை.

இத்தேயிலையை நட்டு வளர்த்தவர் யாவர் என்பதைத் தமிழ் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டிலே முதலில் கோப்பிக்காகவும், கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து வந்த மக்களின் வழித்தோன்றல்களே இங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர்.

நண்பர் எம்மைத் தம்பேதன்னை செல்லும் பாதையிலுள்ள ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். மறுநாட் காலையிலே பிரட்டுக்களத்தைக் கண்டோம். பெண்கள் கூடையைத் தலையிற் கொளுவி ஒருபுறம் நின்றனர். ஆண்கள் கவ்வாத்துக் கத்தியும் மருந்துக் கொள்கலமுமாய் மறுபுறம் நின்றனர். கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்ணின் தொழில். கவ்வாத்து வெட்டுதலும் மருந்தடித்தலும் கான் வெட்டுதலும் ஆணின் தொழில். அதுவே இயற்கை என்பதுபோல எல்லாரும் நடந்துகொள்கின்றனர். ஆனால், ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்குக் குறைந்த கூலியுமாய் இருந்ததும் ஒருகாலத்தில் இயற்கையாகவே கருதப்பட்டது. 1984இலே தொழிலாளர் போராடிய பின்னர் அவ்வேற்றுமை நீங்கிற்று. இயற்கை என்று நாம் நினைப்பவற்றுள் எத்தனை, யாரோ எழுதிவைத்த கணக்கு என்பதை அக்களத்தில் நின்றபோது சிந்தித்தோம்.

அன்று பிற்பகல் நண்பர் எம்மை ஒரு முதியவரிடம் அழைத்துச் சென்றார். லயத்தின் கோடிக் காம்பிராவில் அவர் வசித்தார். சாயத்தண்ணீரும் உள்ளங்கையில் வைத்துக் கடிக்கச் சீனியும் தந்து உபசரித்த பின்னர், கட்டிலின் கீழிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே முழுவதும் கடதாசிகள்: மனுக்களின் பிரதிகள், பற்றுச்சீட்டுகள், மங்கிப்போன முத்திரைகள்.

“நான் பொறந்தது 1948ல ஐயா. நான் பொறந்த வருசந்தான் எங்களுக்கு நாடில்லேன்னு சட்டம் போட்டாங்க. 55 வயசுல நாடு கெடைச்சிச்சு. நடுவுல எத்தனை கந்தோர் ஏறி எறங்கியிருப்பேன்! மனுசன் முன்னால நிக்கிறான், ஆனா கடதாசி இல்லேன்னா அவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டான்” என்றார் அவர்.

அவர் கூறியது சரித்திரம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா, சாஸ்திரி ஆகிய இரு பிரதமர்களும் செய்த ஒப்பந்தம், அவர்களை இவ்வளவு பேர் இந்தியாவுக்கு, இவ்வளவு பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே விடிவு தந்தது. முதியவர் அச்சான்றிதழை எடுத்து எமக்குக் காட்டிவிட்டு, துணியிற் சுற்றி மீண்டும் உள்ளே வைத்தார். அதன் அருகிலே ஒரு கல்லூரி மாணாக்கரின் தேர்ச்சி அறிக்கை இருந்தது. “எம் பேரப்புள்ளையோடது” என்றார். அதனை எடுத்துப் பார்க்க எமக்குத் தோன்றவில்லை.

இரவு வந்தது. தப்பு முழங்கியது. காமன் கூத்தை அறியாத வாசகருக்காகச் சில வார்த்தைகள் சொல்வோம். மாசி அமாவாசைக்குப் பின் வளர்பிறையில் தோட்டத்தின் ஒரு பொதுவிடத்தில் காமன் கம்பம் நடப்படுகிறது. அன்று தொடங்கிப் பௌர்ணமியை அண்டிய நாள்வரை விரதமும் ஆட்டமும் நடைபெறும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், ரதியின் புலம்பலும், மூன்றாம் நாள் அவன் மீண்டும் உயிர்பெறுவதுமே கதை. ரதியாக ஆடுபவர் மரபுப்படி ஆண்மகனே. விரதம் பூண்டு சேலையுடுத்து வரும் அவரைத் தெய்வமென்றே கருதுவர்.

தீப்பந்தங்களின் ஒளியிலே ரதி வந்தார். நாம் பல கூத்துகளைக் கண்டிருக்கிறோம். ஆண்கள் பெண்வேடம் பூண்டு ஆடுவதையும் கண்டிருக்கிறோம். வேடம் வேடமென்றே தெரியும்; அதிலும் ஒரு சுவையுண்டு. ஆனால் இந்த ரதியிடம் வேடம் தெரியவில்லை. முந்தானையை அவர் இழுத்துச் சொருகிய விதமும், மன்மதன் புறப்படுகையில் தடுத்து நின்ற நிலையும், நாள்தோறும் பழகியவருக்கு உரியனவாய் இருந்தன. முதிய பெண்கள் அவர் காலடியில் விழுந்து வணங்கினர். விடியற்சாமத்தில் மன்மதன் எரிந்தான். ரதி தரையில் அமர்ந்து ஒப்பாரி தொடங்கினார். அக்குரலைக் கேட்டு அழாத பெண்ணை நாம் அங்கே காணவில்லை.

நண்பர் எம் காதருகே குனிந்தார். “ரதி யாரென்று தெரிகிறதா, சேர்?”

தெரிந்தது. தீயின் வெளிச்சம் அம்முகத்தின்மேல் விழுந்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. எம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளை.

அந்நாளை வாசகர்க்குச் சொல்லியே ஆகவேண்டும். உயர்தர வகுப்பில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆண்தன்மை திரிந்து பெண்தன்மை மேற்கொண்டவரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனியே ஈறு இல்லை. அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறும் என்று தொல்காப்பியர் விதிக்கிறார். பிறிதொரு சூத்திரத்தில், அத்தகைய பெயர் ஆண்பாற் சொல்லைக் கொண்டு முடிதல் ஆகாது என்றும் உரைக்கிறார். இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து யாரோ ஒரு பெயரைக் கூவினர். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மூன்றாம் வரிசைப் பிள்ளை புத்தகத்துள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாம் மேசையைத் தட்டினோம். “அடுத்த சூத்திரம்” என்றோம். அவ்வளவே. அடுத்த தவணையில் அப்பிள்ளை கல்லூரிக்கு வரவில்லை. வரவு இடாப்பிலே அவர் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடிட்டோம்.

“அன்று பின்வாங்கிலிருந்து கூவியவன் நான்தான், சேர்” என்றார் நண்பர். கடிதத்தின் கடைசி வாக்கியம் எமக்கு அப்பொழுது விளங்கியது.

கூத்து முடிந்து பொழுது புலர்ந்ததும், மூடுபனி ஏறுமுன் லிப்டன் இருக்கையைப் பார்த்துவிடலாமென்று நண்பர் முச்சக்கரவண்டி ஒன்றை ஒழுங்கு செய்தார். முகத்து அரிதாரத்தைக் கழுவி, எளிய பருத்திச் சேலையுடன் ரதியும் வந்தார். இனி அவரை ரதி என்றே குறிப்பிடுவோம். அவர் விரும்பித் தேர்ந்த பெயர் அவருடையது, அதனைப் பத்திரிகையில் எழுதும் உரிமை எமக்கில்லை. நாம் என்ன சொல்லி அழைப்பதென்று தடுமாறியதை அவர் கண்டுகொண்டார். “பிள்ளை என்றே சொல்லுங்கள், சேர். தாத்தா அப்படித்தான் சொல்லுவார்” என்றார். அப்பொழுதுதான் தகரப்பெட்டியில் இருந்த தேர்ச்சி அறிக்கை யாருடையதென்று அறிந்தோம். பேரப்பிள்ளை என்று முதியவர் சொன்ன சொல்லுக்கு ஆண்பாலுமில்லை, பெண்பாலுமில்லை. எழுத்தறியாத அவர், எம்மினும் நல்ல இலக்கணகாரர்.

தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் கடந்து, தேயிலைச் சரிவுகளிடையே வளைந்து வளைந்து மேலேறினோம். தோமஸ் லிப்டன் இத்தோட்டத்தை வாங்கியதும் தொழிற்சாலை எழுந்ததும் 1890இல். சிகரத்திலிருந்து அவர் தம் நிலத்தைப் பார்த்து மகிழ்ந்தார் என்பர். அன்று காலை வானம் தெளிந்திருந்தது. தென்கிழக்கே, சமவெளிக்கு அப்பால், ஒரு வெள்ளிக் கோடாய்க் கடல்.

ரதி தம் கதையைச் சொன்னார். கல்லூரியை விட்டபின் தோட்டத்தில் பெயர் பதிய முயன்றார். பிரட்டிலே ஆண்கள் பக்கம் நின்றால் ஏளனம்; பெண்கள் பக்கம் நின்றால் விரட்டல். நடுவே நிற்க அங்கு இடமில்லை. கொழும்பை அண்டி ஓர் அழகுக்கலை நிலையத்தில் வேலை பெற்றார். அடையாள அட்டையிலோ பழைய பெயரும் பழைய முகமும். வாடகைக்கு அறை கேட்டால் அட்டையைக் காட்டென்கின்றனர்; காட்டினால் அறை இல்லையென்கின்றனர். மருத்துவமனை வரிசையில் பழைய பெயரை உரக்கக் கூப்பிடுகையில், எழுந்து போகவா, நோயோடு திரும்பிவிடவா என்று யோசித்த நாட்கள் பல. இரவில் பேருந்துக்கு நின்றால், பொலிசார் ஏன் நிற்கிறாய் என்று கேட்பர்.

“ஆண்டுக்கு ஒருமுறை கூத்துக்கு வருகிறேன். ரதியாகச் சேலை கட்டினால் கும்பிடுகிறார்கள், சேர். நானாகச் சேலை கட்டினால் கல்லெடுக்கிறார்கள். காமன் கம்பம் பிடுங்கும் வரைக்குந்தான் எனக்கு அந்த லயத்தில் இடம்” என்றார்.

நாம் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், தமிழாசிரியர்க்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னோம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடலுள் ‘பேடு’ என்பது ஒன்று. வாணன் சிறைவைத்த தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காகப் பேடியுருக் கொண்டு ஆடியவன் வேறு யாருமல்லன்; காமனே. எந்தக் காமனுக்குத் தோட்டந்தோறும் கம்பம் நடுகிறார்களோ, அந்தக் காமன். அருச்சுனன் விராடன் அரண்மனையிலே ஓராண்டு பேடியாய் இருந்து நடனம் பயிற்றியதையும் மலையகக் கூத்தர் நன்கறிவர். பிற்காலத்தே வசையாய்ப்போன அச்சொல், ஒருகாலத்தில் கலையின் பெயராய் இருந்தது.

“பின்னே சட்டம் எப்படி வந்தது, சேர்?” என்று நண்பர் கேட்டார்.

நாம் கீழே தெரிந்த பாதையைக் காட்டினோம். கோப்பி இம்மலைகளில் ஏறிய காலத்தில், 1841இலே, அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வந்தது. பிரித்தானியர் இந்தியாவுக்கு 1860இல் இயற்றிய தண்டனைக் கோவையை ஒட்டி இலங்கைக்கு 1883இல் ஒரு கோவை இயற்றினர். அதன் 365, 365அ ஆகிய பிரிவுகள் ஒரே பாலார் கொள்ளும் உறவைக் குற்றமாக்கின. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதனுள் அடக்கியது. ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவு, சேலை கட்டிய ரதியையும் மோசடிக்காரராகக் காண இடந்தந்தது. 1890இல் லிப்டன் வந்தார். 1893இல் புகையிரதம் அப்புத்தளைக்கு வந்தது. தேயிலையும் தண்டவாளமும் ஏறிய அதே காலத்தில் அச்சட்டமும் மலையேறிற்று. நாளடைவில் அதனை நம் பண்பாடென்று எண்ணத் தலைப்பட்டோம். இச்சட்டங்கள் இலங்கையில் எவ்வாறு பிரயோகிக்கப்படுகின்றன என்பதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஐந்து விரலும் ஒன்றல்ல என்ற நம் பாட்டிமார் வாக்கே அவ்வறிக்கையின் தலைப்பு.

தென்கிழக்கே தெரிந்த அக்கடலுக்கு அப்பாலும் இதுவே கதை. இங்கே தேயிலைக்கு வந்த தமிழரின் உறவினர் மலாயாவுக்கு இறப்பர் வெட்டவும், பர்மாவுக்கு உழைக்கவும் சென்றனர். அவர்கள் சென்ற நாடுகளுக்கும் அதே தண்டனைக் கோவை கப்பலேறிச் சென்றது. ஆயினும் அந்நாடுகளின் பழமை வேறு. இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவெசியில் வாழும் பூகிஸ் மக்கள், ஆண் பெண் என்று இரண்டாகவன்றி மனிதரை ஐந்து வகையாகப் பகுப்பர். அவர்களுள் ஆண்மையும் பெண்மையும் ஒருங்கே கொண்ட ‘பிஸ்ஸு’ என்போர், அரச மரபின் திருப்பொருள்களைக் காத்த பூசாரிகள். 1950களிலும் 1960களிலும் கிளர்ச்சியாளர் அவர்களைத் துன்புறுத்தியதால் அம்மரபு பெரிதும் தேய்ந்தது.

இன்று அந்நாடுகளில் ஒன்று முன்னேற ஒன்று தயங்குகிறது. சிங்கப்பூர் தன் 377அ பிரிவை நீக்க 2022இல் முடிவு செய்தது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பெண்ணுடை அணிந்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட முஸ்லிம் திருநங்கையருக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ஆதரவாய்த் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியன்று எனக் கூறி அதனை விலக்கியது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில், எப்பாலார் இருவரும் மணஞ்செய்யலாம் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால், மேடைகளில் திருநங்கையரைக் கொண்டாடிய அந்நாட்டில், அவர்கள் பத்திரங்களிலே தம் பெயரின் முன்னுள்ள அடைமொழியை மாற்றிக்கொள்ள அப்பொழுதும் வழியிருக்கவில்லை. வியட்நாம் 2015இல் இயற்றிய குடியியற் கோவையில், பால் மாறியவர் பதிவை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. அதனைச் செயற்படுத்தும் தனிச்சட்டத்துக்கோ ஆண்டுக்கணக்காகக் காக்க நேர்ந்தது. கொண்டாட்டம் வேறு, கடதாசி வேறு என்பது ரதிக்கு நாம் சொல்லாமலே தெரியும்.

தமிழகத்தில் 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15இல், தம் பாலைத் தாமே உணர்ந்து கூறும் உரிமை ஒருவருக்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. அதே ஆண்டில் நர்த்தகி நடராஜ் என்னும் நாட்டியக் கலைஞருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இலங்கையிலும் ஒரு கதவு சிறிது திறந்திருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உளமருத்துவ நிபுணரின் மதிப்பீட்டுக்கும் உரிய சிகிச்சைக்கும் பின்னர், பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழ் ஒன்று வழங்கப்படுகிறது. அதனைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம். 365ஆம் 365அ பிரிவுகளைத் திருத்தக் கொணர்ந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. அச்சட்டமூலமோ 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது நிறைவேறாமலே முடிந்துபோயிற்று.

சான்றிதழ் பெறும் வழியை ரதி எம்மினும் நன்கறிந்திருந்தார். “ஒவ்வொரு முறை கிளினிக்குக்குப் போகவும் ஒருநாள் சம்பளம் போகிறது, சேர். அதோடு, தோட்டத்தில் பதிந்தபோது என் பெயரைப் பிழையாய் எழுதிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் வேறொரு பெயர். இரண்டும் ஒருவர்தான் என்று முதலில் நிரூபிக்கவேண்டும். அந்த வேண்டாத பெயரை மாற்றுவதற்கு முன், அதைப் பிழையில்லாமல் எழுதி வாங்கவேண்டும்” என்று கூறிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். மூடுபனி ஏறி வந்து கடலை மறைத்தது.

லயத்துக்குத் திரும்பினோம். முதியவர் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே சென்றதும் தகரப்பெட்டியைத் திறந்து, தேர்ச்சி அறிக்கையை எடுத்து எம் கையில் தந்தார். அதன் அடியில் எம் கையொப்பம் இருந்தது. “ஐயா, எம்புள்ளை ஒங்ககிட்டப் படிச்சது. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு ஒரு கடதாசி எழுதிக் குடுங்க. எனக்கு நாடு வர 55 வருசமாச்சு. இதுக்கு அத்தனை நாள் ஆகக்கூடாது” என்றார்.

அக்காம்பிராவின் பலகையில் அமர்ந்து எழுதினோம். எம் வாழ்நாளில் எத்தனையோ நற்சான்றுகள் எழுதியிருக்கிறோம். இதைப்போல் ஒவ்வொரு சொல்லாக நின்று எழுதியதில்லை. “இவர் எம்மிடம் பயின்றவர்” என்று தொடங்கினோம். இவர் என்னும் சொல்லும் அவர் என்னும் சொல்லும் எவ்வளவு விசாலமானவை என்பது, இருபதாண்டு தமிழ் கற்பித்த எமக்கு அன்றுதான் தெரிந்தது. எம் மொழி வைத்திருந்த இடத்தை நாமே சிவப்பு மையால் மூடியிருந்தோம். எழுதி முடித்துக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்தோம். முதியவர் பிரதியைத் தம் குடியுரிமைச் சான்றிதழோடு சேர்த்து, அதே துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

எரிந்த மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரியும்படி உயிர்பெற்றான் என்பது புராணம். ஒரு கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று மனிதர் வாழமுடியாது. கந்தோரின் கண்ணுக்கும், மருத்துவமனையின் கண்ணுக்கும், பிரட்டுக்களத்தின் கண்ணுக்கும் தெரியவேண்டும். கடதாசி இல்லாமையால் அரைநூற்றாண்டு கண்ணுக்குத் தெரியாதவராய் வாழ்ந்த சமூகம் மலையகச் சமூகம். அந்தத் துன்பத்தை அறிந்தவர்களே ரதியின் துன்பத்தை முதலில் அறியத்தக்கவர்கள். அம்முதியவர் அறிந்திருந்தார். அவருக்கு அதனை எவரும் கற்பிக்கவில்லை.

நாம் மாலை வண்டியில் திரும்பினோம். பத்து நாட்களின்பின் நண்பரின் கடிதம் வந்தது. கம்பம் பிடுங்கிய பின்னும் ரதி பாட்டனாரின் காம்பிராவில் ஐந்து நாள் தங்கினாராம். இரண்டாம் இரவு யாரோ கூரைத் தகரத்தின்மேல் கல்லெறிந்தனராம். முதியவர் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கல்லெறி நிற்கும்வரை வாசலிலே நின்றாராம். நண்பரும் ஓடிச்சென்று அவர் பக்கத்தில் நின்றாராம்.

அடுத்த தவணையில், உயர்தர வகுப்பில் அச்சூத்திரம் மீண்டும் வந்தது. விளக்கிக்கொண்டிருக்கையில் பின்வாங்கிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. புத்தகத்தை மூடி வைத்தோம். அன்று நாம் அடுத்த சூத்திரத்துக்குப் போகவில்லை.